ஞாயிற்றுக்கிழமை சேர்த்ததால்தான் அப்பா போய்விட்டாரா?

கேள்வி: என் அப்பாவுக்கு 71 வயது. சர்க்கரை நோய் உண்டு. ஒரு வெள்ளிக்கிழமை இரவு அவருக்குக் குளிர் காய்ச்சல் வந்தது. சனிக்கிழமை முழுக்க மாத்திரை போட்டுக்கொண்டு படுத்திருந்தார். ஞாயிறு காலையில் பேச்சு குழறியது. கூப்பிட்டால் கண்ணை மட்டும் திறந்து பார்த்தார். நான்தான் பிடிவாதமாக மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். சிறுநீரில் தொடங்கிய கிருமித்தொற்று ரத்தத்தில் கலந்துவிட்டது என்றார்கள். செவ்வாய் விடியற்காலையில் இறந்துவிட்டார். வார இறுதியில் சேர்க்கப்படுகிறவர்கள்தான் அதிகம் இறக்கிறார்கள் என்று தம்பி எங்கோ படித்திருக்கிறான். "ஞாயிற்றுக்கிழமை பெரிய டாக்டர் யாரும் இருக்க மாட்டார்கள், திங்கள் காலையில் கொண்டு போயிருந்தால் அப்பா பிழைத்திருப்பார்" என்று என்னைக் குற்றம் சொல்கிறான். அது உண்மையா? அடுத்த மாதம் அம்மாவுக்கு முழங்கால் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை. வெள்ளிக்கிழமை தேதி கொடுத்திருக்கிறார்கள். அந்தத் தேதி வேண்டவே வேண்டாம் என்கிறான் தம்பி. நான் என்ன செய்வது?

பதில்: முதல் கேள்விக்கு முதலிலேயே பதில் சொல்லிவிடுகிறேன், விளக்கத்தை அப்புறம் வைத்துக்கொள்ளலாம். இல்லை, உங்கள் தம்பி நினைப்பது சரியில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை காலை நிலையில் இருந்த ஒருவரை இன்னும் 24 மணி நேரம் வீட்டில் வைத்திருந்தால், திங்கட்கிழமை மருத்துவமனைக்குக் கொண்டுபோக அவர் இருந்திருப்பாரா என்பதே சந்தேகம். இதை இப்படி உடைத்துச் சொல்வதற்கு மன்னியுங்கள். அப்பாவைத் தூக்கிக்கொண்டு ஓடியவரும் நீங்கள்தான், அதற்காகவே இன்று வீட்டில் குற்றவாளிபோல நிற்பவரும் நீங்கள்தான். உங்களிடம் சுற்றி வளைத்துப் பேசுவது நியாயமில்லை.

உங்கள் அப்பாவின் கேஸ் ஷீட்டை நான் பார்க்கவில்லை. அதனால் அங்கே செய்த சிகிச்சை சரியா தவறா என்பதற்குள் போக மாட்டேன். நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் அது செப்சிஸ். கிருமி எங்கோ ஓர் இடத்தில் இருக்கும். அதை எதிர்க்கக் கிளம்பிய உடம்பு கட்டுமீறிப்போய்த் தன் உறுப்புகளையே பதம் பார்க்கத் தொடங்கும். ரத்தக் குழாய்கள் தளர்ந்து பிபி இறங்கும், மூச்சு வேகமெடுக்கும், சிறுநீர் குறையும். மூளைக்குப் போகும் ரத்தம் குறையும்போது பேச்சு குழறும், ஆள் அரைத் தூக்கத்தில் கிடப்பார். நீங்கள் ஞாயிறு காலையில் பார்த்தது அதைத்தான்.

இந்த நோயில் கணக்கு மணிகளில் ஓடுகிறது. 2006-இல் கனடா, அமெரிக்கத் தீவிர சிகிச்சைப் பிரிவுகளின் 2,000-க்கும் மேற்பட்ட நோயாளிகளின் விவரங்களை வைத்து ஓர் ஆய்வு வந்தது. செப்சிஸ் முற்றி பிபி விழுந்த பிறகு, முதல் 6 மணி நேரத்தில் சரியான ஆன்டிபயாடிக் ஊசி ஒவ்வொரு மணி நேரம் தள்ளிப்போகும்போதும் பிழைக்கும் வாய்ப்பு சராசரியாக 7.6 சதவீதம் இறங்கியது. பின்னால் வந்த ஆய்வுகளில் இந்த எண் இதைவிடச் சிறிதாகத்தான் வந்தது. ஆனால் பிபி விழுந்த நிலையில் தாமதித்தால் நல்லது என்று அவை சொல்லவில்லை. ஞாயிறு காலையில் கிடைத்த ஊசி திங்கள் காலையில் கிடைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதைத் தம்பியே யோசிக்கட்டும். ஞாயிறன்று அந்த ஊசியைப் போட பெரிய டாக்டர் வரவேண்டியதும் இல்லை. ட்யூட்டி டாக்டர் போடுவார்.

சரி, தம்பி படித்தது பொய்யா? பொய்யில்லை. அப்படி ஒரு கணக்கு உண்மையிலேயே இருக்கிறது. 2001-இல் கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் அவசரமாகச் சேர்க்கப்பட்ட 38 லட்சம் பேரின் பதிவுகளை அலசினார்கள். அதிகம் உயிரைப் பறிக்கும் 100 நோய்களை எடுத்துப் பார்த்ததில், 23 நோய்களில் வார இறுதியில் சேர்ந்தவர்களின் இறப்பு விகிதம் கூடுதலாக இருந்தது. வயிற்றுப் பெருந்தமனி வீங்கி வெடிப்பது, நுரையீரல் ரத்தக் குழாயில் அடைப்பு போன்றவை அந்தப் பட்டியலில் வருகின்றன. அப்புறம் 2015-இல் இங்கிலாந்திலிருந்து வந்த ஆய்வுதான் உலகம் முழுக்கப் பரவியது. புதன்கிழமை சேர்ந்தவர்களோடு ஒப்பிட்டால், சனிக்கிழமை சேர்ந்தவர்கள் 30 நாளுக்குள் இறக்கும் அபாயம் 10 சதவீதமும் ஞாயிற்றுக்கிழமை சேர்ந்தவர்களுக்கு 15 சதவீதமும் கூடுதல் என்றது அது. வெள்ளி முதல் திங்கள் வரை சேர்ந்தவர்களில் ஆண்டுக்கு ஏறத்தாழ 11,000 இறப்புகள் கூடுதல் என்றும் ஓர் எண் வந்தது. தலைப்புச் செய்திக்கு அளவெடுத்துத் தைத்த எண்.

அதே கட்டுரையில் ஒரு வரி உண்டு. இந்த இறப்புகளில் எத்தனையைத் தடுத்திருக்க முடியும் என்று சொல்ல இயலாது, தடுத்திருக்கலாம் என்று எடுத்துக்கொள்வது அவசரமான, தவறாக வழிநடத்தும் முடிவு என்று ஆய்வாளர்களே எழுதிவைத்தார்கள். அந்த வரி எந்தத் தலைப்பிலும் வரவில்லை. இங்கிலாந்தில் அப்போது டாக்டர்களின் வேலை ஒப்பந்தம் பற்றிய சண்டை நடந்துகொண்டிருந்தது. 11,000 என்பது அந்தச் சண்டையில் ஆயுதமாகிவிட்டது. அடுத்த ஆண்டு இளம் டாக்டர்கள் வேலைநிறுத்தம் வரை போனார்கள். இடையில் ஒரு விபரீதமும் நடந்தது. வார இறுதியில் மருத்துவமனைக்குப் போகப் பயந்து, திங்கள் வரை வலியைப் பொறுத்துக்கொண்டு வந்து சேர்ந்த நோயாளிகளைப் பற்றி அங்குள்ள டாக்டர்கள் எழுதினார்கள். உங்கள் தம்பி இப்போது சொல்லும் யோசனையை அங்கே சிலர் செய்தே பார்த்துவிட்டார்கள்.

அந்தக் கணக்கு எங்கே ஏமாற்றுகிறது என்று பார்ப்போம். நான் ஒரு கற்பனைக் கணக்கு போடுகிறேன். புதன்கிழமை அவசரப் பிரிவுக்கு 100 பேர் வருகிறார்கள். 30 பேரை அட்மிட் செய்கிறார்கள். 3 பேர் இறக்கிறார்கள். அட்மிட் ஆனவர்களில் 10 சதவீதம். ஞாயிற்றுக்கிழமையும் 100 பேர் வருகிறார்கள். ஆனால் 20 பேரைத்தான் அட்மிட் செய்கிறார்கள். "இரண்டு நாள் கவனிப்பில் வைத்துப் பார்க்கலாம்" என்று புதன்கிழமை படுக்கை கொடுக்கும் லேசான கேஸ்களை ஞாயிற்றுக்கிழமை மருந்து கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். இறப்பது அதே 3 பேர்தான். இப்போது விகிதம் 15 சதவீதம். ஒருவர்கூடக் கூடுதலாக இறக்கவில்லை, ஆனால் ஞாயிற்றுக்கிழமை பயங்கரமான நாளாகிவிட்டது! இங்கிலாந்தின் அவசரப் பிரிவுகளில் கிட்டத்தட்ட இதுதான் நடக்கிறது என்று பிறகு ஓர் ஆய்வு காட்டியது. அட்மிட் ஆனவர்களை மட்டும் எண்ணாமல், அவசரப் பிரிவின் வாசலுக்கு வந்த எல்லோரையும் எண்ணியபோது வார இறுதிக்கும் வார நாளுக்கும் இறப்பில் வித்தியாசம் காணோம்.

வருகிறவர்களும் வேறு. நான் அவசரப் பிரிவில் வேலை பார்த்த வருடங்களில் இதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். திங்கள் காலையில் கூட்டம் அலைமோதும். ஒரு வாரமாக இருந்த இருமல், மூன்று நாள் முதுகு வலி, எல்லாம் அன்றைக்குத்தான் வரும். ஞாயிற்றுக்கிழமை மதியம் வருகிறவர் பெரும்பாலும் ஆம்புலன்ஸில் வருவார், கூடவே வீட்டில் பாதிப் பேர் வருவார்கள். முடிந்தவரை தள்ளிப்போட்டு, இனி முடியாது என்ற நிலையில் வருகிறவர் அவர். ஆக்ஸ்ஃபோர்ட் மருத்துவமனைகளின் பல வருடப் பதிவுகளை வைத்து 2017-இல் வந்த ஆய்வில், அட்மிஷனின்போது எடுத்த சாதாரண ரத்தப் பரிசோதனை முடிவுகளையும் கணக்கில் சேர்த்தார்கள். அதாவது, உள்ளே வரும்போதே ஒருவர் எவ்வளவு மோசமாக இருந்தார் என்று பார்த்தார்கள். வார இறுதி வித்தியாசம் பெருமளவு சுருங்கிவிட்டது. இன்னொரு விசித்திரமும் உண்டு. இங்கிலாந்தின் வேறோர் ஆய்வில், ஏற்கெனவே படுக்கையில் இருக்கும் நோயாளிகளை எடுத்துக்கொண்டால், ஞாயிற்றுக்கிழமை இறப்பது புதன்கிழமையைவிடக் குறைவாக இருந்தது. ஞாயிறு என்றாலே ஆள் இல்லாமல் சாவு என்றால் இது எப்படி?

'பெரிய டாக்டர்' பற்றி ஒரு வார்த்தை. இங்கிலாந்தில் நூற்றுக்கும் மேற்பட்ட மருத்துவமனை அமைப்புகளில், சிறப்பு மருத்துவர்கள் நோயாளிகளோடு எவ்வளவு நேரம் செலவிடுகிறார்கள் என்று 2016-இல் கணக்கெடுத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை அந்த நேரம் புதன்கிழமையில் கிட்டத்தட்ட பாதிதான். ஆனால் அந்தக் குறைவுக்கும் வார இறுதி இறப்புக்கும் தொடர்பு தென்படவில்லை. எங்கள் தொழிலின் கர்வத்தைக் குத்தும் இன்னொரு ஆய்வையும் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் இதய நிபுணர்கள் தேசிய மாநாட்டுக்குக் கிளம்பிப் போகும் நாட்களில் என்ன ஆகிறது என்று 2015-இல் பார்த்தார்கள். பெரிய போதனா மருத்துவமனைகளில், இதயச் செயலிழப்போடு அட்மிட் ஆன, அபாயம் மிகுந்த நோயாளிகளில் 30 நாளுக்குள் இறந்தவர்கள் மாநாட்டு நாட்களில் 17.5 சதவீதம், மற்ற நாட்களில் 24.8 சதவீதம். பெரிய டாக்டர்கள் ஊரில் இல்லாதபோது குறைவு! இதற்கு உறுதியான விளக்கம் கிடையாது. மூத்த டாக்டர்களே வேண்டாம் என்று இதற்கு அர்த்தமில்லை. ஒரு முகம் கட்டிலருகே இருந்தால் உயிர், இல்லாவிட்டால் சாவு என்ற கணக்கு அவ்வளவு எளிதாக நிற்காது என்பதற்காகச் சொல்கிறேன்.

அப்படியென்றால் நேரத்தில் ஒன்றுமே இல்லையா? இருக்கிறது. இதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும், ஏனென்றால் அம்மாவின் விஷயத்துக்கு இது தேவை.

அமெரிக்காவில் மருத்துவமனைக்குள்ளேயே இதயம் நின்றுபோனவர்களைப் பற்றி 2008-இல் ஒரு பெரிய கணக்கு வந்தது. பகலிலும் மாலையிலும் இதயம் நின்றவர்களில் 19.8 சதவீதம் பேர் பிழைத்து வீடு திரும்பினார்கள். இரவில் நின்றவர்களில் 14.7 சதவீதம். நியூ ஜெர்சியில் மாரடைப்பு நோயாளிகளைப் பார்த்தபோது வார இறுதியில் இறப்பு கொஞ்சம் கூடுதலாகத்தான் இருந்தது. ஆனால் வார இறுதியில் ஆஞ்சியோ போன்ற சிகிச்சைகள் குறைவாகவும் தாமதமாகவும் நடந்தன. அதையும் கணக்கில் எடுத்ததும் வித்தியாசம் மறைந்துவிட்டது. எனக்கு இதில் முக்கியமாகப் படுவது இதுதான். நாளுக்கு எந்தக் குணமும் கிடையாது. அன்றைக்கு கேத் லேப் (ஆஞ்சியோ செய்யும் அறை) திறந்திருந்ததா, அதைத் திறக்க வேண்டிய ஆட்கள் வீட்டிலிருந்து வர எவ்வளவு நேரமானது, வார்டில் யார் கண் விழித்திருந்தார்கள் என்பதுதான் விஷயம்.

ஓர் இரவைச் சொல்கிறேன். நான் படிப்பு முடித்த புதிது. பொது வார்டு. 30-க்கும் மேல் படுக்கைகள், இரண்டு நர்ஸ்கள். அதிகாலை 3 மணிக்கு ஒருவர் வந்து, "டாக்டர், எங்கப்பா ஒரு மாதிரியா இருக்கார்" என்றார். என்ன மாதிரி என்று கேட்டேன். சொல்லத் தெரியவில்லை அவருக்கு. ஒரு மாதிரி, அவ்வளவுதான். போய்க் கேஸ் ஷீட்டைப் பார்த்தேன். மாலை 6 மணிக்கு மூச்சு நிமிடத்துக்கு 18. இரவு 10 மணிக்கு 18. 2 மணிக்கும் 18. பெரியவர் என்னவோ தோள்களைத் தூக்கித் தூக்கி மூச்சு விட்டுக்கொண்டிருந்தார். பக்கத்துப் படுக்கையின் ஷீட்டைப் புரட்டினேன். அங்கேயும் 18. அந்த வரிசை முழுக்க 18. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி அவருடைய மூச்சை ஒரு நிமிடம் முழுதாக எண்ணினேன். 36.

எழுதிய நர்ஸைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. 30 பேருக்கு ஒவ்வொரு நிமிடம் எண்ணினால் அரை மணி நேரம் போய்விடும். அதற்குள் இரண்டு ட்ரிப்ஸ் முடிந்திருக்கும், ஒருவர் கட்டிலிலிருந்து இறங்கி விழுந்திருப்பார். பெரியவரை ஐசியுவுக்கு மாற்றினோம், பிழைத்துக்கொண்டார். அவருடைய மகன் எழுந்து வராமல் இருந்திருந்தால் அடுத்த 18 காலை 6 மணிக்குத்தான் எழுதப்பட்டிருக்கும். அந்த மருத்துவமனையில் அன்றைக்குக் கெட்ட டாக்டர் யாரும் இல்லை, எண்ணுவதற்கு ஆள்தான் இல்லை. 9 ஐரோப்பிய நாடுகளின் 300 மருத்துவமனைகளில் அறுவை சிகிச்சை நோயாளிகளை வைத்து 2014-இல் வந்த ஆய்வும் இதையே வேறு மொழியில் சொல்கிறது. ஒரு நர்ஸின் பொறுப்பில் ஒரு நோயாளி கூடினால், 30 நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் கூடுகிறது.

எல்லா நோய்க்கும் வேகம் ஒரே மாதிரி முக்கியமில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மூளையில் ரத்தக் குழாய் அடைத்துக்கொண்டால் நிமிடத்துக்கு ஏறத்தாழ 19 லட்சம் நரம்பணுக்கள் சாகின்றன. அடைத்த ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நான்கரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். அந்த நேரம் மருத்துவமனை வாசலில் தொடங்குவதில்லை, ஆள் கடைசியாக நன்றாக இருந்த நிமிடத்திலிருந்து தொடங்குகிறது. அதனால் வாய் கோணினால், கை தளர்ந்தால் முதலில் மணியைப் பாருங்கள். நாங்கள் கேட்கும் முதல் கேள்வி அதுதான், பெரும்பாலான வீட்டில் பதில் இருக்காது. முழு அடைப்புள்ள மாரடைப்பில், ஆஞ்சியோ வசதி உள்ள மருத்துவமனைக்குள் நுழைந்த 90 நிமிடத்துக்குள் அடைப்பைத் திறக்க வேண்டும் என்பது பொதுவான இலக்கு. ஆனால் இடுப்பு எலும்பு முறிந்தவர்களை 6 மணி நேரத்துக்குள் அறுவை சிகிச்சைக்குக் கொண்டுபோவதா, வழக்கமான வேகத்திலேயே செய்வதா என்று கிட்டத்தட்ட 3,000 பேரை இரண்டாகப் பிரித்துச் செய்த ஆய்வு 2020-இல் வந்தது. 90 நாள் இறப்பில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. அவசரமாகச் செய்த குழுவில் நினைவு தடுமாறும் குழப்ப நிலை குறைவாக இருந்தது, சீக்கிரம் வீட்டுக்குப் போனார்கள். அவ்வளவுதான்.

இதைப் படிக்கும்போது உங்களுக்கு ஒரு கேள்வி வந்திருக்கும். நீங்கள் அதை எழுதவில்லை. "அப்படியானால் சனிக்கிழமையே கொண்டுபோயிருக்கலாமோ?"

ஒருவேளை உதவியிருக்கலாம். உதவாமலும் போயிருக்கலாம், 71 வயதில் சர்க்கரையோடு வரும் செப்சிஸ் நல்ல ஐசியுவிலும் உயிரைப் பறிக்கும். ஆனால் சனிக்கிழமை நீங்கள் பார்த்தது காய்ச்சலோடு படுத்திருந்த ஒரு மனிதரை. காய்ச்சலோடு படுத்திருப்பவர்களை நானும் பலமுறை மாத்திரை கொடுத்து அனுப்பியிருக்கிறேன், அவர்களில் ஓரிருவர் மறுநாள் வேறு நிலையில் திரும்பி வந்ததையும் பார்த்திருக்கிறேன். முடிவு தெரிந்த பிறகு திரும்பிப் பார்த்தால் எல்லா அறிகுறியும் கொட்டை எழுத்தில் தெரியும். அன்றைக்கு அப்படித் தெரியாது. ஞாயிறு காலையில் அது தெரிந்தபோது நீங்கள் நாளையும் கிழமையையும் பார்க்கவில்லை. இனி வீட்டில் வயதானவர்களுக்கோ சர்க்கரை நோயாளிகளுக்கோ குளிர் காய்ச்சல் வந்தால், காய்ச்சல் எத்தனை டிகிரி என்பதோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். மூச்சு வேகமாகிறதா, சிறுநீர் வழக்கம்போல் போகிறதா, கை கால் சில்லிட்டிருக்கிறதா, பேச்சில் குழப்பம் இருக்கிறதா என்று பாருங்கள். இதில் ஒன்று இருந்தாலும் விடியட்டும் என்று இருக்கக் கூடாது.

இனி அம்மாவின் வெள்ளிக்கிழமைக்கு வருவோம். இதில் தம்பியின் கவலையை நான் ஒதுக்கித் தள்ள மாட்டேன். அவசர சிகிச்சைக்கும் தேதி குறித்துச் செய்யும் சிகிச்சைக்கும் ஒரு பெரிய வித்தியாசம், இங்கே நாளை நாம் தேர்ந்தெடுக்கலாம். இங்கிலாந்தில் இப்படித் திட்டமிட்டுச் செய்த 41 லட்சத்துக்கும் மேற்பட்ட அறுவை சிகிச்சைகளை வைத்து 2013-இல் ஓர் ஆய்வு வந்தது. திங்கட்கிழமையோடு ஒப்பிட்டால், வெள்ளிக்கிழமை செய்துகொண்டவர்கள் 30 நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 44 சதவீதம் கூடுதலாக இருந்தது. காரணம் ஊகிக்கக் கூடியதுதான். ரத்தக்கசிவு, நுரையீரல் சிக்கல் போன்ற பெரிய தொந்தரவுகள் பெரும்பாலும் முதல் 48 மணி நேரத்தில் தலைகாட்டும். வெள்ளிக்கிழமை கத்தி வைத்தால் அந்த 48 மணி நேரம் சனி, ஞாயிறு மேல் போய் உட்காரும்.

44 என்று கேட்டதும் நெஞ்சு திக்கென்கிறது இல்லையா? எதன் மேல் 44 என்று பார்க்க வேண்டும். அந்த ஆய்வில் எல்லா வகை அறுவை சிகிச்சைகளையும், பெரிய வயிற்று, நெஞ்சு அறுவை சிகிச்சைகள் உட்பட, சேர்த்துப் பார்த்தாலே 1,000 பேருக்கு 7 பேருக்கும் குறைவாகத்தான் இறந்தார்கள். முன்கூட்டியே பரிசோதித்து, சர்க்கரை, பிபி, இதயம் எல்லாம் பார்த்துச் செய்யும் முழங்கால் மூட்டு மாற்றில் அபாயம் அதைவிட மிகக் குறைவு. மிகச் சிறிய ஓர் எண்ணோடு அதில் பாதியைக் கூட்டினாலும் அது சிறிய எண்தான். மேலும், வெள்ளிக்கிழமை செய்துகொண்டவர்களும் திங்கட்கிழமை செய்துகொண்டவர்களும் எல்லா விதத்திலும் ஒரே மாதிரியானவர்களா என்ற சந்தேகம் இந்த ஆய்வின் மேலும் உண்டு.

என் யோசனை இதுதான். திங்கள், செவ்வாய், புதனில் ஒரு தேதி கிடைக்குமா என்று சர்ஜனிடம் கேளுங்கள். சாதாரணமாகக் கேட்கலாம், அதில் தப்பொன்றும் இல்லை, எங்களில் பலர் சொந்தக்காரர்களுக்கு அப்படித்தான் தேதி வாங்குகிறோம். கிடைத்தால் மாற்றிக்கொள்ளுங்கள். கிடைக்கவில்லை, இரண்டு மாதம் தள்ளிப்போகும் அல்லது வேறு சர்ஜனிடம் போக வேண்டும் என்றால் வெள்ளிக்கிழமையையே வைத்துக்கொள்ளுங்கள். முழங்கால் மூட்டு மாற்றை அடிக்கடி செய்து கை பழகிய சர்ஜனை, கிழமைக்காக நான் விட மாட்டேன்.

ஆனால் வெள்ளிக்கிழமையோ திங்கட்கிழமையோ, சில விஷயங்களைக் கேட்டுத் தெரிந்துகொண்டுதான் கையெழுத்துப் போட வேண்டும். "டாக்டர் இருப்பாரா?" என்று மட்டும் கேட்காதீர்கள், "இருப்பார்" என்று பதில் வந்துவிடும். இரவு 2 மணிக்கு அம்மாவுக்கு மூச்சு வாங்கினால் முதலில் கட்டிலருகே வருவது யார், அவர் எத்தனை நிமிடத்தில் வருவார், அவர் யாருக்கு போன் செய்வார் என்று கேளுங்கள். சனி, ஞாயிறு ரவுண்ட்ஸ் யார் வருகிறார் என்று கேளுங்கள். சர்ஜனே வர வேண்டியதில்லை, அம்மாவின் கேஸ் தெரிந்த ஒருவர் வந்தால் போதும். இரவில் ரத்தப் பரிசோதனை, சிடி ஸ்கேன் அங்கேயே நடக்குமா, ஐசியு அதே கட்டடத்தில் இருக்கிறதா, இரவு ஷிஃப்டில் ஒரு நர்ஸ் எத்தனை பேரைப் பார்க்கிறார் என்றும் கேட்டுவிடுங்கள். பிசியோதெரபி மறுநாளே தொடங்குமா, வார இறுதி என்று திங்கள் வரை படுக்கப் போட்டுவிடுவார்களா என்பதும் முக்கியம். படுத்தே கிடந்தால் காலில் ரத்தம் உறைந்து கட்டி உருவாகும் வாய்ப்பு கூடும், அது நுரையீரலுக்கு ஏறினால் ஆபத்து. இந்தக் கேள்விகளுக்கு எரிந்து விழுகிற இடமாக இருந்தால், அங்கே திங்கட்கிழமை தேதி கிடைத்தாலும் நான் யோசிப்பேன்.

அறுவை சிகிச்சை முடிந்த முதல் இரண்டு இரவும் வீட்டு ஆள் ஒருவர் கூடவே இருங்கள், மருத்துவமனை விதி அனுமதித்தால். அவர் தூங்கலாம், பிரச்சினையில்லை. ஆனால் அம்மாவின் இயல்பு தெரிந்தவராக இருக்க வேண்டும். "ஒரு மாதிரி இருக்காங்க" என்று தோன்றினால், வெட்கப்படாமல் எழுந்துபோய்ச் சொல்ல வேண்டும். மூச்சை ஒரு நிமிடம் எண்ணிவிட்டுப் போனால் இன்னும் நல்லது. சும்மா படுத்திருக்கும்போது நிமிடத்துக்கு 25-ஐத் தாண்டினால், "மூச்சு 28 இருக்கு, வந்து பாருங்க" என்று எண்ணோடு சொல்லுங்கள். எண்ணோடு சொன்னால் எந்த ட்யூட்டி டாக்டரும் எழுந்து வருவார். ஒருவேளை ஐசியுவில் வைத்துவிட்டு, நள்ளிரவில் வார்டுக்கு மாற்றுகிறோம் என்றால், காலையில் மாற்றலாமா என்று ஒரு வார்த்தை கேளுங்கள். இரவில் ஐசியுவிலிருந்து வெளியே அனுப்பப்பட்டவர்களுக்கு இறப்பு கூடுதலாக இருந்ததாகப் பல ஆய்வுகள் வந்திருக்கின்றன. பெரும்பாலும் அவசரமாக இன்னொருவருக்குப் படுக்கை தேவைப்படும்போது நடக்கிற மாற்றம் அது.

தம்பியோடு இதைப் பற்றி வாதாட வேண்டாம். அப்பா போன வருத்தத்துக்கு அவருக்கு ஒரு காரணம் தேவைப்படுகிறது, கிழமை கையில் கிடைத்திருக்கிறது. சர்ஜனைப் பார்க்கப் போகும்போது அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். மேலே சொன்ன கேள்விகளை அவரே கேட்கட்டும், விடாமல் கேட்கக்கூடியவர் என்றுதான் உங்கள் கடிதத்தைப் படித்தால் தோன்றுகிறது. அம்மா சாப்பிடும் மாத்திரைகளின் பட்டியலை, குறிப்பாக ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுத்தவையும் சர்க்கரை மாத்திரைகளும் இருந்தால் அவற்றையும், ஒரு தாளில் எழுதி எடுத்துப் போங்கள். அந்தத் தாளின் பின்பக்கத்தில் பதில்களை நீங்கள் குறித்துக்கொள்ளுங்கள்.